திங்யான் தண்ணீரிலேயே வைப்பர் தடுமாறுகிறது, இந்த மழையைத் தாங்குமா?

தாமுவே தம்பி:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் பழைய டொயோட்டா ப்ரோபாக்ஸ் வண்டி இப்போது என் கையில். திங்யானில், அதாவது நம் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர் விழாவில், வண்டிமேல் ஊற்றிய தண்ணீரை வைப்பர் தள்ளிய லட்சணத்தைப் பார்த்துத்தான் கேட்கிறேன். வலது பக்கம், அதாவது என் முன்னால், ஏதோ இரண்டு மெல்லிய கோடு விழுகிறது, மற்றபடி தெரிகிறது. இடது பக்கம்தான் மோசம். அகலமாக மங்கல் படிகிறது, திரும்பி வரும்போது தடதடவென்று குதிக்கிறது. ரப்பரில் கிழிசல் ஒன்றும் இல்லை. கடைக்காரர் இரண்டையும் வருஷா வருஷம் மாற்று என்கிறார். அப்பாவோ, உன் பக்கம் தெரிகிறதல்லவா, அப்புறம் என்ன என்கிறார். இடது பக்கத்தை இப்படியே ஓட்டிவிடலாமா?

பழைய டாக்சிக்காரன்:
தம்பி, அப்பா சொல்வது வேறு ஊருக்குப் பொருந்தும், நம் ஊருக்குப் பொருந்தாது. பர்மாவில் 1970-ல் எல்லோரும் சாலையின் வலது பக்கம் போக வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். உன் வண்டியோ ஜப்பானிலிருந்து வந்த வலது ஸ்டியரிங் வண்டி. ஆக, நீ உட்கார்ந்திருப்பது சாலை ஓரத்தில். எதிரே வருகிற லாரி, நடுக்கோடு, முன்னால் போகிற பஸ்ஸைத் தாண்ட இடம் இருக்கிறதா இல்லையா, அத்தனையும் இடது பாதிக் கண்ணாடி வழியாகத்தான் தெரிய வேண்டும். பெகு ரோட்டில் மழைக்குள் பக்கத்து சீட்டுப் பயணியிடம் "ஏதாவது வருதா பாருங்க" என்று கேட்டுக் கேட்டுத் தாண்டியவன் நான். அவருக்கும் தெரியவில்லை என்றால் பஸ் பின்னாலேயே ஊர வேண்டியதுதான். உனக்கு ஒரு பக்கத்துக்குத்தான் காசு என்றால் இடதை மாற்று.

கிழிசல் இல்லை என்பதை ஒரு கணக்காக வைக்காதே. இங்கே நவம்பரில் மழை அடங்கினால் அடுத்த மழை மே நடுவில்தான். அத்தனை மாதமும் ரப்பர் ஒரே பக்கமாகச் சாய்ந்தபடி சுடுகிற கண்ணாடியில் படுத்துக் கிடக்கிறது. வெயிலில் இறுகி, அந்தச் சாய்வே நிலைத்துவிடும். வைப்பர் திரும்பும்போது ரப்பரின் விளிம்பும் மறுபக்கம் புரள வேண்டும். புரள முடியாமல் முட்டிக்கொண்டு நின்றால் குதிக்கும். நீ சொல்லும் தடதட அதுதான்.

காசை எடுப்பதற்கு முன் கண்ணாடியைக் கழுவு. பாத்திரம் தேய்க்கிற சோப்புப் போட்டு நன்றாக. சாலை எண்ணெயும் வண்டி கழுவுகிற இடத்தில் போடும் மெழுகும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நல்ல ரப்பரைக்கூடக் கெட்டதாகக் காட்டும். ரப்பரின் விளிம்பை ஈரத்துணியால் மட்டும் துடை. பெட்ரோல் தொட்டு இழுக்கிறவர்கள் உண்டு, ரப்பர் கெட்டுப்போகும். உன் பக்கத்து மெல்லிய கோடுகள் பெரும்பாலும் ஒட்டியிருக்கிற மண்தான், கழுவினால் போய்விடும். போகாவிட்டால் விளிம்பில் வெட்டு இருக்கிறது என்று அர்த்தம். அகல மங்கல் கழுவியும் நிற்கிறதா, அந்த ரப்பர் முடிந்தது. துடைக்காமல் ஒரு பட்டை அப்படியே விட்டுப் போனால் அது வேறு விஷயம், ரப்பரைப் பிடித்திருக்கிற இரும்புச் சட்டம் வளைந்திருக்கும் அல்லது அதைத் தாங்கி ஆட்டுகிற கம்பியின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். அதற்கு ரப்பரை மாற்றிப் பயனில்லை.

வருஷக் கணக்கு கடைக்காரருக்கு. நமக்குத் திங்யான் போதும், ஊரே சேர்ந்து இலவசமாகச் சோதித்துத் தருகிறது. அதற்கப்புறம் மழைக்கு நாள் இருக்கிறது. இரும்புச் சட்டம் நன்றாக இருந்தால் ரப்பர் மட்டும் வாங்கு. பழையதைக் கையோடு கொண்டு போ, நீளம் மட்டுமல்ல, அகலமும் ஒத்துப்போக வேண்டும்.

மோல்மேன் அக்கா:
அண்ணன் சொன்ன இடது பக்க விஷயம் சரி. ஆனால் ஒன்றை மட்டும் மாற்றுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. இரண்டும் ஒரே வெயிலில் காய்ந்தவை, அடுத்ததும் மழைக்கு நடுவில் போகும். எங்கள் மோல்மேன் ஊர் மழை ரங்கூன் மழையைவிடப் பலம், அப்போது கடை தேடி யார் அலைவது? பகலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தம்பி. ராத்திரி எதிர் வண்டி விளக்கு விழும்போது பாருங்கள், பகலில் தெரியாத மங்கலெல்லாம் அப்போது பளிச்சென்று தெரியும். பிளேடைக் கழற்றும்போது கண்ணாடிமேல் ஒரு தடித்த துண்டைப் போடுங்கள். வெறும் கம்பி கை தவறி விழுந்தால் கண்ணாடியில் விரிசல் விழுந்துவிடும், அப்புறம் செலவு ரப்பர் விலையோடு நிற்காது.

தாமுவே தம்பி:
நன்றி அண்ணே, நன்றி அக்கா. கழுவியதும் வலது பக்கக் கோடுகள் போய்விட்டன. இடது பக்கம் மாறவே இல்லை. அக்கா பேச்சைக் கேட்டு இரண்டுக்கும் ரப்பர் வாங்கி நானே மாட்டினேன். வலது அருமை. இடது பக்கம் நடுவில் நன்றாகத் துடைக்கிறது, இரண்டு நுனியும் கண்ணாடியைத் தொடவில்லை. ரப்பர் சரியில்லையா?

பழைய டாக்சிக்காரன்:
ரப்பரைக் குறை சொல்லாதே. பழைய ரப்பரிலிருந்து இரண்டு மெல்லிய தகடு உருவிப் போட்டிருப்பாயே, அவற்றுக்கு லேசான வளைவு உண்டு. நுனிகள் கண்ணாடி பக்கம் பார்க்க வேண்டும். தலைகீழாகப் போயிருக்கும், உருவித் திருப்பிப் போடு. போட்டதும் நுனியில் இருக்கிற பள்ளத்தில் சட்டத்தின் கொக்கி விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார். விழாவிட்டால் ஓடும்போதே ரப்பர் நழுவி, இரும்பு கண்ணாடியைக் கீறும்.