ஃபயர்ஃபாக்ஸில் மட்டும் சத்தம் மிகக் குறைவு, மற்றதில் எல்லாம் சரி (உபுண்டு லினக்ஸ் 24.04)

இரவுப்பறவை:
வணக்கம் நண்பர்களே. ஃபயர்ஃபாக்ஸில் எந்த வீடியோ போட்டாலும் காதை ஸ்பீக்கரில் ஒட்டி வைத்தால்தான் கேட்கிறது. கணினியின் வால்யூம் 100, யூடியூப் ஸ்லைடரும் முழுதாக இருக்கிறது. அதே வீடியோவை இறக்கி விஎல்சி ப்ளேயரில் போட்டால் பாதி வால்யூமிலேயே அறை முழுக்கக் கேட்கிறது. குரோமியம் பிரவுசரிலும் பிரச்சினை இல்லை. ஃபயர்ஃபாக்ஸை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன், அதில் புது ப்ரொஃபைலும் (அமைப்புகளின் தொகுப்பு) உருவாக்கிப் பார்த்தேன். எதுவும் மாறவில்லை. என்ன செய்யலாம்?

சத்தக்காரன்:
செட்டிங்ஸில் ஓவர்-ஆம்ப்ளிஃபிகேஷனை ஆன் செய்யுங்கள். 150 வரை ஏற்றலாம். நான் எப்போதும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

ஒலிக்கோடு:
அதை இப்போதைக்குத் தொடாதீர்கள். விஎல்சியிலும் குரோமியத்திலும் சத்தம் சரியாக வருகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் சவுண்ட் கார்டு, டிரைவர், ஸ்பீக்கர், மொத்த வால்யூம் எதிலும் குறை இல்லை. சவுண்ட் கார்டின் வால்யூமைக் காட்டும் அல்சாமிக்சரைத் திறந்து பார்க்கும் வேலைகூட மிச்சம். ஃபயர்ஃபாக்ஸிலிருந்து சவுண்ட் சர்வருக்கு (எல்லாச் செயலிகளின் ஒலியையும் வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் நிரல்) போகும் வழியில்தான் எங்கோ சத்தம் குறைகிறது.

லினக்ஸில் ஒவ்வொரு செயலிக்கும் தனி வால்யூம் உண்டு. பாவுகண்ட்ரோல் என்ற சின்ன நிரலை நிறுவி, அதில் ப்ளேபேக் என்ற டேபைப் பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸுக்கு என்ன அளவு காட்டுகிறது?

இரவுப்பறவை:
நிறுவிவிட்டேன். ப்ளேபேக்கில் ஒன்றுமே இல்லையே! ஃபயர்ஃபாக்ஸ் திறந்துதான் இருக்கிறது.

ஒலிக்கோடு:
திறந்திருந்தால் போதாது, சத்தம் வந்துகொண்டிருக்க வேண்டும். ஒரு வீடியோவை ஓடவிட்டு, அது ஓடும்போதே பாருங்கள். சத்தம் நின்றதும் அந்த ஸ்லைடர் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். பலர் இதைக் கடைசிவரை கண்டுபிடிக்காமல் போவதற்கு இதுதான் காரணம்.

இரவுப்பறவை:
கிடைத்துவிட்டது! ஃபயர்ஃபாக்ஸ் 30 சதவீதத்தில் இருந்தது. 100க்குத் தள்ளியதும் நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டேன். மிக்க நன்றி. ஆனால் இரண்டு விஷயம் புரியவில்லை. 30 என்றால் மூன்றில் ஒரு பங்காவது கேட்க வேண்டாமா? அப்புறம், ஃபயர்ஃபாக்ஸையே நீக்கி நிறுவியும் இது ஏன் போகவில்லை?

ஒலிக்கோடு:
இரண்டாவது கேள்வி முதலில். அந்த 30 ஃபயர்ஃபாக்ஸிடம் இல்லவே இல்லை. உங்கள் உபுண்டுவில் ஒலியைக் கையாள்வது பைப்வயர் என்ற சவுண்ட் சர்வர். அதனுடன் ஓடும் வயர்பிளம்பர் என்ற நிரல், எந்தச் செயலிக்கு எவ்வளவு வால்யூம் என்று செயலியின் பெயரோடு எழுதி வைத்துக்கொள்ளும். நீங்கள் ப்ரொஃபைலை மாற்றினாலும், நிறுவியதையே நீக்கினாலும், "ஃபயர்ஃபாக்ஸ்" என்ற பெயரில் ஒலி வந்ததும் பழைய அளவை எடுத்துப் பொருத்திவிடும். அதற்கு முன் இருந்த பல்ஸ்ஆடியோ சர்வரிலும் இதே பழக்கம்தான். ஏதோ ஒரு நாள் மவுஸ் சக்கரம் அந்த ஸ்லைடர் மேல் உருண்டிருந்தால்கூடப் போதும்.

இப்போது 30 கதை. அந்த ஸ்லைடர் நேர்விகிதம் கிடையாது, கன விகிதம். 0.3 x 0.3 x 0.3 என்று பெருக்கினால் 0.027. அதாவது ஒலி அலையின் வீச்சு 3 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது, ஏறக்குறைய 31 டெசிபல் (ஒலி அளவின் அலகு) இழப்பு. 50 சதவீதத்தில் வைத்தாலே 18 டெசிபல் போய்விடும். சத்தக்காரன் சொன்ன 150ஐ இதே கணக்கில் போட்டால் 10.5 டெசிபல் மட்டும் திரும்பக் கிடைக்கும். ஃபயர்ஃபாக்ஸ் அப்போதும் 20 டெசிபல் பின்தங்கியே இருக்கும். ஆனால் விஎல்சியும் அறிவிப்பு மணியும் கரகரவென்று அலறும். அதனால்தான் வேண்டாம் என்றேன்.

சத்தக்காரன்:
சரி சரி, ஒப்புக்கொள்கிறேன். என் ஸ்பீக்கர் பலவீனமானது, எனக்கு அது வேலை செய்கிறது.

ஒலிக்கோடு:
எல்லாச் செயலியிலும் ஒரே மாதிரி குறைவாக இருந்தால் அது சரியான மருந்துதான்.

இரவுப்பறவை:
மறுபடி இறங்கிவிட்டால்?

ஒலிக்கோடு:
பெரும்பாலும் இறங்காது, புது அளவையும் அது எழுதி வைத்துவிடும். இறங்கினால், ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் டாட்-லோக்கல் ஃபோல்டருக்குள் ஸ்டேட், அதற்குள் வயர்பிளம்பர் என்று போங்கள். உங்கள் பதிப்பில் ரீஸ்டோர்-ஸ்ட்ரீம் என்று ஒரு கோப்பு இருக்கும். பிரவுசரை மூடிவிட்டு அதன் பெயரை மாற்றி, உடனே லாக் அவுட் செய்து திரும்ப வாருங்கள். எல்லாச் செயலிகளின் வால்யூமும் புதிதாகத் தொடங்கும். வயர்பிளம்பர் 0.5 முதல் அந்தக் கோப்பின் பெயர் ஸ்ட்ரீம்-ப்ராப்பர்ட்டீஸ்.

ஓரச்சன்னல்:
இதே இழையில் கேட்டுவிடுகிறேன். எனக்கு அந்த ஸ்லைடர் 100இல்தான் இருக்கிறது. படம் பார்க்கும்போது பின்னணி இசை காதைப் பிளக்கிறது, பேசுவது மட்டும் கேட்கவே இல்லை. பிரவுசரில்தான் பார்க்கிறேன்.

ஒலிக்கோடு:
பாவுகண்ட்ரோலில் கான்ஃபிகரேஷன் டேபில் சவுண்ட் கார்டுக்கு என்ன ப்ரொஃபைல் தேர்வாகியிருக்கிறது?

ஓரச்சன்னல்:
அனலாக் சரவுண்ட் 5.1. பெரிய எண்ணாக இருந்ததால் நல்லது என்று நினைத்தேன்.

ஒலிக்கோடு:
உங்களிடம் இருப்பது இரண்டு ஸ்பீக்கர்தான் என்றால் அதுதான் வில்லன். 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு சேனலில் வரும். உங்களிடம் ஆறு ஸ்பீக்கர் இருப்பதாக நம்பி, கணினி அதை இல்லாத நடு ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. அனலாக் ஸ்டீரியோ டூப்ளெக்ஸ் என்று மாற்றிவிட்டுப் பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். ஆறு சேனலும் இரண்டாகக் கலந்து வரும்.

ஓரச்சன்னல்:
வசனம் வந்துவிட்டது, அருமை!

கம்பியில்லாதவன்:
ப்ளூடூத் ஹெட்செட்டில், பிரவுசரில் மீட்டிங் சேர்ந்த உடனே சத்தம் சுருங்கி பழைய டெலிபோன் போல ஆகிறது. இதுவும் அந்த ஸ்லைடர்தானா?

ஒலிக்கோடு:
இல்லை. மைக் தேவைப்பட்டதும் ஹெட்செட் ஏ2டிபி என்ற இசை முறையிலிருந்து ஹெச்எஃப்பி என்ற பேச்சு முறைக்கு மாறுகிறது. அதில் தரமும் குறைவு, பல ஹெட்செட்டுகளில் அந்த முறைக்கு வால்யூமும் தனி. மீட்டிங் நடக்கும்போதே ஹெட்செட்டின் பொத்தானை அழுத்தி ஏற்றிப் பாருங்கள். இன்னும் நல்ல வழி, மீட்டிங்கில் மைக்காக மடிக்கணினியின் மைக்கைத் தேர்ந்தெடுப்பது. ஹெட்செட் ஏ2டிபியிலேயே இருக்கும்.

இரவுப்பறவை:
கடைசியாக ஒன்று. இப்போது எல்லாம் சரி, ஆனால் சில யூடியூப் வீடியோ மட்டும் இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது. வால்யூம் பூஸ்டர் எக்ஸ்டென்ஷன் போடலாமா?

ஒலிக்கோடு:
வீடியோ மேல் ரைட் கிளிக் செய்து "ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" திறந்து, கன்டென்ட் லவுட்னெஸ் என்ற எண்ணைப் பாருங்கள். அது மைனஸ் 8, மைனஸ் 10 என்று இருந்தால் அந்த வீடியோவே அவ்வளவு மெதுவாகப் பதிவானது. அதிகச் சத்தமுள்ளவற்றை யூடியூப் தானே குறைக்கும், மெதுவானவற்றை அந்த அளவுக்கு ஏற்றித் தருவதில்லை. அந்த ஒரு வீடியோவுக்கு மட்டும் பாவுகண்ட்ரோலில் ஃபயர்ஃபாக்ஸை 100க்கு மேல் தள்ளிக்கொள்ளுங்கள், முடிந்ததும் இறக்கிவிடுங்கள். பூஸ்டர் எக்ஸ்டென்ஷன்கள் பெரும்பாலும் நீங்கள் போகும் எல்லாத் தளங்களின் தரவையும் படிக்க அனுமதி கேட்கும். கொஞ்சம் சத்தத்துக்காக அவ்வளவு கொடுக்க எனக்கு மனம் வராது.