மின்னியலும் காந்தவியலும் உங்களுக்கு எங்கே இடறியது? அவரவர் அனுபவம்

கோவை, பொறியியல் முதலாமாண்டு மாணவர்:

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன். நிலை மின்னியல், மின்னோட்டவியல், காந்தவியல், மின்காந்தத் தூண்டல் என்று நான்கு பாடங்களின் கணக்குகளையும் ஒன்று விடாமல் போட்டுப் பார்த்திருக்கிறேன். மதிப்பெண்ணும் நன்றாகவே வந்தது. கல்லூரியில் இந்தத் தாள் சுலபமாக இருக்கும் என்றுதான் நம்பினேன். முதல் இன்டர்னலில் 50க்கு 17.

கேட்ட கேள்வி சின்னது. மின்னூட்டம் பெற்ற ஓர் உலோகக் கோளம். உள்ளே மின்புலம் சுழி. அப்படியானால் மையத்தில் மின்னழுத்தம் எவ்வளவு? நான் யோசிக்காமல் சுழி என்று எழுதினேன். புலமே இல்லாத இடத்தில் அழுத்தம் எப்படி இருக்கும்? மேற்பரப்பில் உள்ள அதே மின்னழுத்தம்தான் உள்ளேயும் என்பது சரியான விடை. விடைத்தாளைத் தந்தபோது சூத்திரத்தைக் காட்டினார்கள். தலையாட்டிவிட்டு வந்தேன். இன்னும் முழுதாகப் புரியவில்லை.

அதைவிட அதிகமாக என்னைப் படுத்தியது வேறொன்று. அப்பா மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். செப்புக்கம்பிக் காயில் கருகிய கிணற்று மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வரும் விவசாயிகள் பெரும்பாலும் ஒரே காரணத்தைத்தான் சொல்வார்கள்: "லோ வோல்டேஜ்ல ஓட்டிட்டேனுங்க." சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த பேச்சு. ஓம் விதி படித்த பிறகுதான் இடித்தது. மின்னழுத்தம் குறைந்தால் மின்னோட்டம் குறைய வேண்டும், மின்னோட்டம் குறைந்தால் சூடும் குறைய வேண்டும். அப்புறம் காயில் ஏன் கருகுகிறது? அப்பாவிடம் கேட்டால், "வோல்டேஜ் எறங்குனா ஆம்ப்ஸ் ஏறும் கண்ணு, அது அப்படித்தான்" என்றார். பாடத்தைக் கேட்டால் ஏறாது என்கிறது. யாரை நம்புவது?

மாமா தோட்டத்தில் ஒரு சாயங்காலம் பம்ப்செட் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு முன்னால் நின்று பார்த்தேன். ஊரில் எல்லோரும் மோட்டார் போட்ட நேரம். வோல்ட்மீட்டர் முள் இறங்க இறங்க, பக்கத்திலிருந்த அம்மீட்டர் முள் ஏறியது. கண்ணால் பார்த்ததால் மறுக்க முடியவில்லை. அன்றிலிருந்து இரண்டு வாரம் வேறு எதிலும் மனம் போகவில்லை.

என் தவறு இதுதான். மோட்டாரை வெறும் மின்தடையாக நினைத்திருந்தேன். சுற்றும் மோட்டார் தனக்குள்ளேயே ஒரு எதிர் மின்னியக்கு விசையை உண்டாக்குகிறது. வெளியிலிருந்து வரும் மின்னழுத்தத்தில் பெரும்பகுதியை அதுதான் எதிர்த்து நிற்கிறது. மீதியுள்ள கொஞ்சம்தான் மின்னோட்டத்தை ஓட்டுகிறது. ஆனால் வோல்டேஜ் இறங்கினாலும் தூக்க வேண்டிய தண்ணீர் குறைவதில்லை. மோட்டார் திணறி வேகம் குறைகிறது, அந்த எதிர் மின்னியக்கு விசை தளர்கிறது, மின்னோட்டம் ஏறிவிடுகிறது. வீட்டு மிக்ஸியிலும் இதைப் பார்க்கலாம். துவையல் கெட்டியாகி பிளேடு சிக்கி நின்றால் கருகல் வாசம் வரும், அடியிலிருக்கும் சிவப்பு பட்டன் வெளியே வந்துவிடும். ஓம் விதி பொய்யாகவில்லை. எந்த மின்னழுத்தத்துக்கு அதைப் போட வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

உங்களுக்கு இப்படி எங்கே இடறியது என்று சொல்லுங்கள்.

தஞ்சாவூர், மேல்நிலைப்பள்ளி இயற்பியல் ஆசிரியை:

தம்பி, அந்தக் கோளத்தில் இடறாத மாணவரை நான் அதிகம் பார்த்ததில்லை. ஊட்டிக்குப் போயிருப்பீர்கள். ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஒரு பந்தை வைத்தால் உருளாது, ஏனென்றால் தரை சமமாக இருக்கிறது. அதனால் ஊட்டியின் உயரம் சுழி என்று சொல்வோமா? கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. மின்னழுத்தம் உயரம் மாதிரி, மின்புலம் சரிவு மாதிரி. சரிவு இல்லை என்றால் உயரம் மாறவில்லை என்றுதான் பொருள். 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள கோளத்துக்கு 10 நானோகூலூம் மின்னூட்டம் கொடுத்தால் மேற்பரப்பில் 900 வோல்ட் வரும். உள்ளே எங்கே போனாலும் அதே 900 வோல்ட்.

'அழுத்தம்' என்ற சொல்லுக்கும் இதில் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். அழுத்தம் என்றதும் பிள்ளைகள் மனதில் தள்ளும் விசைதான் வருகிறது. ஓர் அலகு மின்னூட்டத்துக்கு எவ்வளவு ஆற்றல் என்பது வருவதில்லை. ஒருமுறை ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், காக்கா கம்பி மேல உட்காருதே, அதுக்கு ஏன் ஷாக் அடிக்கல?" என்று கேட்டாள். நானே சொல்ல நினைத்திருந்த உதாரணம். அவள் கேட்டதால் வகுப்பு முழுவதும் காது கொடுத்தது. காக்கையின் இரண்டு காலும் ஒரே கம்பியில், சில சென்டிமீட்டர் இடைவெளியில். உயரமான இடத்தில்தான் நிற்கிறது, ஆனால் கால்களுக்கு நடுவே சரிவு இல்லை என்று சொல்லக்கூடிய அளவுதான்.

முதலில் புலத்தைக் கோடுகளாக வரைந்து பாருங்கள், சூத்திரம் பிறகு. 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்த ஃபாரடே ஒரு கொல்லரின் மகன். புத்தகம் பைண்டிங் செய்யும் வேலை பழகியவர், கணிதம் மிகக் குறைவாகவே படித்தவர். புலத்தைக் கோடுகளாகத்தான் பார்த்தார். அதைச் சமன்பாடுகளாக மாற்ற இயற்பியலாளர் மேக்ஸ்வெல் பின்னால் வந்தார்.

திருச்சி, ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன்:

எனக்கு இடறியது பல்பு. 40 வாட், 100 வாட் குண்டு பல்பு இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக சீரிஸில் போட்டு, எது பிரகாசமாக எரியும் என்று வாத்தியார் கேட்டார். வகுப்பே 100 வாட் என்றது. சுவிட்சைப் போட்டார். 40 வாட் பளிச்சென்று எரிந்தது, 100 வாட்டில் இழை லேசாகச் சிவந்ததோடு சரி. பயந்தே போனேன், பல்பை மாற்றி மாட்டிவிட்டாரோ என்று.

அப்புறம் கணக்குப் போட வைத்தார். 230 வோல்ட்டில் 40 வாட் பல்பின் தடை சுமார் 1,320 ஓம், 100 வாட்டுக்கு 530 ஓம். சீரிஸில் இரண்டிலும் ஓடும் கரண்ட் ஒன்றுதான், அதனால் தடை அதிகமுள்ளது வோல்டேஜில் பெரிய பங்கை எடுத்துக்கொள்கிறது. பல்பில் எழுதியிருக்கும் வாட் என்பது 230 வோல்ட் முழுசாகக் கிடைத்தால் மட்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கோயில் திருவிழாவுக்கு சீரியல் செட் கட்டும்போது ஒரு பல்பு போனால் வரிசையே அணைவதும், அதை ஏன் சீரியல் என்கிறோம் என்பதும் அதே நாளில் சேர்ந்து புரிந்தது.

யாழ்ப்பாணம், உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்:

தம்பி, எனக்குக் கையால் வந்த வினை. தூண்டிய மின்னோட்டத்தின் திசைக்கு, விரல்களை நீட்டித் திசை பார்க்கும் பிளெமிங்கின் வலக்கை விதி வேண்டும். பரீட்சையில் வலக்கையில் பேனா இருந்தது. சும்மா இருந்த இடக்கையை நீட்டிப் பார்த்து எழுதிவிட்டேன். திசை அத்தனையும் தலைகீழ். ஒரு வருஷம் முழுக்க மாதிரி வினாத்தாள்களிலும் இப்படியே பிழை விட்டிருக்கிறேன், கவனிக்கவே இல்லை.

பிறகு கையை விட்டுவிட்டு லென்ஸ் விதியைப் பிடித்தேன். எந்த மாற்றம் நடக்கிறதோ அதை எதிர்க்கும் பக்கம் மின்னோட்டம் ஓடும், அவ்வளவுதான். உங்கள் மோட்டாரின் எதிர் மின்னியக்கு விசையும் இதே குடும்பம். ஒரு செப்புக் குழாய்க்குள் வலிமையான காந்தத்தை விட்டுப் பாருங்கள். செம்பு காந்தத்தில் ஒட்டாது, ஆனாலும் காந்தம் மெதுவாகத்தான் இறங்கும்.

கோவை மாணவர்:

யாழ்ப்பாணத்து அக்கா, நீங்கள் சொன்னதை ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தேன். எங்கள் கடைக்குப் பக்கத்தில் ஏசி மெக்கானிக் இருக்கிறார், ஒரு மீட்டர் செப்புக் குழாய் கொடுத்தார். முதலில் ஒரு போல்ட்டைப் போட்டேன். கை எடுப்பதற்குள் கீழே விழுந்தது. அப்புறம் காந்தம். உள்ளே சிக்கிக்கொண்டதோ என்று குழாயை ஆட்டப் போனேன், அதற்குள் நிதானமாக வெளியே வந்தது.

அப்பா கையில் இருந்த காயிலை வைத்துவிட்டு வந்தார். குழாயை வாங்கி மேலிருந்து ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே காந்தத்தைப் போட்டார். மூன்று தடவை போட்டார். "மோட்டார்ல எதுத்து நிக்குதுன்னு சொன்னியே, அது இதுதானா?" என்று கேட்டார்.