நிறத்துக்கும் மணத்துக்கும் டிரேட்மார்க்: ஆட்சேபம் வந்துவிட்டது, அவசர உதவி

மாலைத்தென்றல்: எங்கள் பொருளின் நிறத்துக்கும் மணத்துக்கும் விண்ணப்பித்திருந்தோம். இரண்டையும் ஆட்சேபித்து டிரேட்மார்க் அலுவலகத்தின் ஆய்வறிக்கை வந்துவிட்டது. என்ன பதில் எழுதலாம்? யாராவது சொல்லுங்கள்.

நூல்கண்டு: என்ன பொருள்? ஒரே நிறமா, சேர்க்கையா? அறிக்கை கைக்கு வந்தது எப்போது? ஒரு மாதத்துக்குள் பதில் போயாக வேண்டும்.

வேங்கை: மணம்தானே, வேதியியல் வாய்பாட்டை இணைத்து அனுப்புங்கள். வேலை முடிந்தது.

வாய்தா வாத்தியார்: எந்த விவாத இழைக்குப் போனாலும் இந்த வாய்பாட்டு வைத்தியம். 2002-இலேயே மண டிரேட்மார்க் பற்றிய சீக்மன் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் வாய்பாடு, சொல் விவரிப்பு, புட்டியில் மாதிரி எல்லாமே போதாது என்று தள்ளிவிட்டது. படித்துவிட்டு யோசனை சொல்லலாமே தம்பி.

வேங்கை: அது ஐரோப்பா, ஐயா. இங்கே 2025 நவம்பரில் சுமிட்டோமோ டயரின் ரோஜா மணத்தை ஏற்றார்களே?

வாய்தா வாத்தியார்: அதுவும் வாய்பாட்டால் இல்லை. அலகாபாத் ஐஐஐடி (இந்தியத் தகவல் தொழில்நுட்பக் கழகம்) ஆய்வாளர்கள் மணத்தை ஏழு பரிமாண வரைபடமாக்கிக் கொடுத்தார்கள். நம் சட்டம் கேட்பது வரைந்து காட்டக்கூடிய அடையாளத்தை.

பல்லவபுரத்தான்: காட்பரிக்கு ஊதா கிடைக்கவில்லையா?

வாய்தா வாத்தியார்: பிரிட்டனில் 2013-இல் மேல்முறையீட்டில் தோற்றதையும் சொல்லுங்கள்.

பல்லவபுரத்தான்: 2022-இல் ஓரளவு ஜெயித்ததை நீங்கள் ஏன் சொல்லவில்லை?

மாலைத்தென்றல்: ஊதுபத்தி. வெட்டிவேர் மணம். பெட்டி ஊதா. கெடு நாளை மறுநாள்.

நூல்கண்டு: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். மணத்தை விட்டுவிடுங்கள். டயர் ரோஜாவாக மணக்க வேண்டிய அவசியமே இல்லை, அதனால்தான் அங்கே மணம் அடையாளமாக நிற்கிறது. ஊதுபத்தியை வாங்குவதே மணத்துக்காக. வெட்டிவேரை உங்களுக்கு மட்டும் எழுதிக்கொடுத்தால் மற்றவர்கள் எதை விற்பார்கள்?

நிறத்தில் வழி இருக்கிறது. ஆனால் சட்டம் சொல்வது 'நிறங்களின் சேர்க்கை'. ஒற்றை ஊதா என்றால் கடினம். வேறு நிறம் உண்டா? அந்த நிறத்தைப் பார்த்ததும் வாங்குபவர்களுக்கு உங்கள் நினைவு வருகிறது என்று காட்ட எத்தனை ஆண்டுப் பில், விளம்பரச் செலவுக் கணக்கு இருக்கிறது?

வேங்கை: பதிவே வேண்டாம். 2003-இல் கோல்கேட் பல்பொடி டப்பாவின் சிவப்பு வெள்ளைக்காகத் தில்லி உயர் நீதிமன்றம் போட்டி நிறுவனமான ஆங்கருக்கு இடைக்காலத் தடை விதித்தது. யாராவது உங்கள் பெட்டியைக் காப்பியடித்தால் நேராக வழக்குப் போடுங்கள்.

வாய்தா வாத்தியார்: கோல்கேட்டின் பெயரையும் வக்கீல் கட்டணத்தையும் இவருக்கு யார் கொடுப்பது?

மாலைத்தென்றல்: பெட்டியில் மஞ்சள் பட்டையும் உண்டு. பில்களைத் தேடுகிறோம். நன்றி.

நூல்கண்டு: விண்ணப்பத்தில் கொடுத்த படத்தில் அந்த மஞ்சள் இருந்ததா? இல்லையென்றால் இப்போது சேர்க்க விடமாட்டார்கள், புது விண்ணப்பம்தான் போட வேண்டும். சிறுதொழில் சான்று இருந்தால் இணையவழிக் கட்டணம் ஒவ்வொரு பொருள் வகுப்புக்கும் 4,500 ரூபாய்.

நூல்கண்டு: மாலைத்தென்றல், இருக்கிறீர்களா? படத்தில் மஞ்சள் இருந்ததா?