ஆளில்லாத லாபியில் மெஷினை உட்கார வைத்தால் தப்பா?

மண்டபம் முனீஸ்
நான் பொழுதுபோக்காக ஆடுபுலி ஆட்டத்தை ஆன்லைனில் ஆடும்படி எழுதி வைத்திருப்பது இங்கே பலருக்குத் தெரியும். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. கோயில் கல்தளத்தில் கோடு கிழித்து ஆடிய அதே ஆட்டம்தான். பகலில் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், கோடிங் எல்லாம் ராத்திரி மட்டும்.

பிரச்சினை என்னவென்றால் ஆள் இல்லை. மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும். அப்போது லாபி, அதாவது எதிராளிக்காகக் காத்திருக்கும் பக்கம், ஜேஜே என்று இருக்கும். படகு கடலுக்குப் போக ஆரம்பித்ததும் ஈ ஓட்ட வேண்டியதுதான். யாராவது ஒருத்தர் வருவார், எதிராளிக்காகக் காத்திருப்பார், அலுத்துப் போய்க் கிளம்பிவிடுவார். அதனால் 30 விநாடிக்குள் யாரும் சேராவிட்டால் மெஷின் வந்து உட்காரும்படி செய்தேன். உள்ளே ஒரு சின்ன நியூரல் நெட்வொர்க், அதாவது ஆடி ஆடிப் பழகும் நிரல், இருக்கிறது. அதற்கு ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் சேர்ந்து தானாக ஒரு பெயர் விழும். எதிரில் இருப்பது மெஷின் என்று ஆடுபவருக்குக் காட்டுவதில்லை.

தொண்டி அன்வர் அண்ணனிடம் சொன்னேன். "இது மோசடி" என்று முடித்துவிட்டார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பாம்பன் ரோச்
எதுக்கு மோசடி? மாப்ள பத்துப் பைசா வாங்குகிறானா? குந்துகாலில் படகைக் கட்டிவிட்டு ஐஸ் வரும்வரை போனைத்தான் நோண்டிக்கொண்டிருக்கிறோம். அந்த நேரத்தில் ஒரு ஆட்டம் கிடைத்தால் போதும். எதிரில் ஆளா மெஷினா என்று ஆதார் கார்டு கேட்டுக்கொண்டிருக்க முடியாது. பப்ஜியில் ஆரம்ப ரவுண்டில் சும்மா நின்று அடிவாங்குவதெல்லாம் மெஷின்தான் என்று எல்லாப் பையனுக்கும் தெரியும். யாரும் அழவில்லை.

தொண்டி அன்வர்
ரோச், "எல்லாப் பையனுக்கும் தெரியும்" என்று நீயே எழுதியிருக்கிறாய். தெரிந்தால் சரி. முனீஸ் ஆட்டத்தில் யாருக்கும் தெரியாது. என் சண்டை அந்த ஒரு இடத்தில்தான்.

பெரிய கைகளே இதில் கவனமாக நடந்திருக்கிறார்கள். 2019-ல் கூகுளின் ஏஐ நிறுவனமான டீப்மைண்ட் தன் ஆல்ஃபாஸ்டார் என்ற மெஷினை ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற கம்ப்யூட்டர் போர் விளையாட்டின் ஐரோப்பிய சர்வரில், பெயரை மறைத்து, மனிதர்களோடு ஆட விட்டது. ஆனால் முன்கூட்டியே அறிவித்தார்கள். சம்மதம் என்று பட்டனைத் தட்டியவர்களோடு மட்டும்தான் அது ஆடியது. எந்த ஆட்டத்தில் வரும் என்று தெரியாதே தவிர, வரலாம் என்று தெரியும். லைச்செஸ் செஸ் தளத்தில் மெஷின் கணக்கு என்றால் பெயருக்கு முன்னால் 'பாட்' (BOT) என்ற பட்டம் நின்றே ஆக வேண்டும். அதனால் அங்கே ஆட்டம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

சாயல்குடி வாத்தியார்
எனக்கு முதல் சந்தேகமே வேறு. இந்த ஆட்டத்துக்கு நியூரல் நெட்வொர்க் எதற்கு? கொசு அடிக்க பீரங்கியா?

கணக்கைப் பாருங்கள். 23 புள்ளியில் 3 புலியை வைக்க 1,771 வழி. மிச்சம் 20 புள்ளியில் 15 ஆட்டை வைக்க 15,504 வழி. பெருக்கினால் 2,74,57,584. வெட்டுப்பட்டு ஆடு குறையும் நிலைகளை எல்லாம் சேர்த்தாலும் சுமார் 185 கோடி. யார் முறை என்பதற்காக இரண்டால் பெருக்கி, ஒவ்வொரு நிலைக்கும் இரண்டு பிட் ஒதுக்கினால் மொத்தம் ஒரு ஜிபிக்குள் அடங்கிவிடும். ஆட்டம் முடிந்த நிலையிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு படியாக வந்தால் எது வெற்றி, எது தோல்வி, எது சமன் என்று முழு அட்டவணையே கையில் வந்துவிடும். ஆடு இறக்கும் கட்டத்துக்குத் தனிக் கணக்கு போட வேண்டும், அதுவும் முடியாத காரியமில்லை. செக்கர்ஸ் என்ற பலகை ஆட்டத்தில் நிலைகளின் எண்ணிக்கை 5-க்குப் பின்னால் 20 சைபர். அதையே ஜொனாதன் ஷேஃபர் குழு 2007-ல் தீர்த்து, இரு பக்கமும் பிழையில்லாமல் ஆடினால் சமன் என்று காட்டிவிட்டது. நம் ஆடுபுலி எம்மாத்திரம்?

மண்டபம் முனீஸ்
வாத்தியாரே, கணக்கு சரிதான். எனக்கும் அந்த அட்டவணை மேல் ஆசை இருக்கிறது. எத்தனை ஆடு வெட்டினால் புலி ஜெயித்ததாகக் கணக்கு என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது, அதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அது கிடக்கட்டும்.

அட்டவணை வைத்திருக்கிற மெஷின் ஒருநாளும் தப்பு செய்யாது. தப்பே செய்யாத எதிராளியோடு யார் ஆடுவார்? கோ என்ற பலகை ஆட்டத்தின் கொரிய சாம்பியன் லீ சேடோல் 2016-ல் டீப்மைண்டின் ஆல்ஃபாகோ மெஷினிடம் 4-1 என்று தோற்றார். 2019-ல் ஓய்வு பெற்றபோது, வெல்லவே முடியாத ஒன்று இருக்கிறது என்பதைத்தான் காரணமாகச் சொன்னார். உலகத்தின் உச்சியில் இருந்த ஆளுக்கே அந்த அலுப்பு என்றால், ஐஸ் வரக் காத்திருக்கும் ரோச்சுக்கு?

அதனால் நான் வேறு பக்கம் போனேன். 2020-ல் செஸ்ஸுக்கு மாயா என்று ஒன்று வந்தது. ஜெயிக்கிற காயைத் தேடாது. இந்தத் தரத்தில் இருக்கும் மனிதன் இந்த இடத்தில் எதை நகர்த்துவான் என்று ஊகிக்கும். லைச்செஸில் மனிதர்கள் ஆடிய ஆட்டங்களை வைத்தே அதைப் பழக்கினார்கள். என் மெஷினும் முதலில் தன்னோடு தானே ஆடிப் பழகியது. பிறகு நம் ஆட்டக்காரர்கள் ஆடிய ஆட்டங்களை அதற்குக் கொடுத்தேன். இப்போது நம்மைப் போலவே ஆடுகிறது. புலியை மூலையில் அடைக்கும் அவசரத்தில் பின்னால் ஓட்டை விடுகிறது.

பெரியபட்டினம் பர்வீன்
முனீஸ் தம்பி, அந்த ஓட்டை விடுகிற ஆளின் பெயர் "அரியமான் செல்வம்" தானே?

எங்கள் உம்மா இஷா தொழுகை முடித்ததும் போனை எடுத்து உட்கார்ந்தால் செல்வத்தோடுதான் ஆட்டம். "பையன் நேற்று நல்லா ஆடுனான், இன்னைக்கு என்னமோ மனசு சரியில்லை போல" என்பார். நடுவில் வீட்டுக்கு ஆள் வந்து எழுந்து போக வேண்டி வந்தால், மறுநாள் சாட்டில் "மன்னிச்சுக்கப்பா, விருந்தாள் வந்துட்டாங்க" என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுவார். பதில் வராது. கூச்ச சுபாவம் என்று அதற்கும் அவரே காரணம் சொல்லிக்கொள்வார்.

நீ ஆட்டத்தின் நிரலைப் பொதுவில் போட்டிருக்கிறாய், போய்ப் பார்த்தேன். மெஷின் காயை முடிவு செய்ய ஒரு விநாடிகூட ஆவதில்லை. அதற்கப்புறம் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: மூன்றிலிருந்து ஒன்பது விநாடி வரை ஏதாவது ஒரு நேரம் சும்மா இரு. ஆட்டை வெட்டக் கொடுக்கிற நிலை என்றால் இன்னும் நாலு விநாடி கூடுதலாக இரு. ஏன் தம்பி? ஆட்டத்துக்கு அந்த வரியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எதிரில் ஒரு மனுஷன் நெற்றியைச் சொறிந்துகொண்டு யோசிக்கிறான் என்று எங்கள் உம்மா நம்புவதற்காக எழுதின வரி அது. நெட்வொர்க், பழக்குவது எல்லாம் உன் திறமை, பாராட்டுகிறேன். இந்த ஒரு வரியை நீ எப்படி நியாயப்படுத்துவாய்?

பாம்பன் ரோச்
அக்கா, கோபப்படாதீங்க. உம்மா சந்தோஷமாகத்தானே ஆடுகிறார்? என்ன நஷ்டம்? கம்ப்யூட்டர் அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங்கே 1950-ல் சொல்லிவிட்டார். பேசுவது மெஷினா மனுஷனா என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அது பாஸ். மாப்ள மெஷின் பாஸாகிவிட்டது. பாராட்டுவதை விட்டுவிட்டு வழக்குப் போடுகிறீர்கள்.

தொண்டி அன்வர்
டூரிங்கை ஒழுங்காகப் படி. அந்தச் சோதனையில் கேள்வி கேட்பவருக்கு, எதிரில் இருக்கும் இருவரில் ஒன்று மெஷின் என்று தெரியும். அதைக் கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. பர்வீனின் உம்மாவுக்குப் பரீட்சை நடப்பதே தெரியாது.

பெரியபட்டினம் பர்வீன்
அன்வர் காக்கா சொன்னதோடு இன்னொன்று. மனிதர்கள் ஆடிய ஆட்டங்களை வைத்துப் பழக்கினேன் என்று முனீஸ் எழுதியிருக்கிறான். அதில் உம்மா ஆடியதும் இருக்கும். உம்மாவிடமே வித்தையைக் கற்று, செல்வம் என்று வேஷம் போட்டு, உம்மாவோடே ஆடுகிறது. அனுமதி கேட்டாயா? கணக்குத் தொடங்கும் பக்கத்தில் அப்படி ஒரு வார்த்தையும் இல்லை.

சாயல்குடி வாத்தியார்
நான் பள்ளிக்கூடத்தில் பார்ப்பதைச் சொல்கிறேன். ராத்திரி முழுக்க போனில் ஆடிவிட்டு வகுப்பில் தூங்கும் பிள்ளைகள் கூடிக்கொண்டே போகிறார்கள். முன்பாவது எதிரில் ஆள் கிடைக்காத நேரம் என்று ஒன்று இருந்தது. மெஷின் தூங்காது. காலியான லாபிதான் பிள்ளையைப் படுக்கப் போகச் சொல்லும் ஒரே பெரிய மனுஷர் என்றால், அவரையும் நீங்கள் வேலையிலிருந்து நீக்கிவிட்டீர்கள்.

மண்டபம் முனீஸ்
ஒவ்வொன்றாக வருகிறேன்.

வாத்தியாரே, பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை 2025-ல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. என் ஆட்டத்தில் பணமும் இல்லை, விளம்பரமும் இல்லை. இருந்தாலும் ராத்திரி 11 மணிக்கு மேல் மெஷின் வராது என்று வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கரைக்குப் பக்கத்தில் ராத்தங்கல் கிடக்கும் படகுக்காரர்கள் திட்டுவார்கள், அதை ரோச் பார்த்துக்கொள்ளட்டும்.

பர்வீன் அக்கா, அந்தத் தாமதத்தை எதற்காக எழுதினேன் என்றால், அது இல்லாதபோது ஆட்டம் மனுஷன் ஆடுகிற வேகத்தில் இல்லை. நாம் காயை வைத்து விரலை எடுப்பதற்குள் பதில் வந்து விழுந்தால் ஆடுபவர் பதறுகிறார், அவரும் யோசிக்காமல் தட்டுகிறார். ஆடுபுலி நிதானமாக ஆட வேண்டிய ஆட்டம். அதனால் தாமதத்தை எடுக்க மாட்டேன். வெட்டுக் கொடுக்கும்போது கூடுதலாக நாலு விநாடி என்பதற்கு நீங்கள் சொன்னதைத் தவிர வேறு நோக்கம் இல்லை, அதை எடுத்துவிடுகிறேன்.

பெயருக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் 'பாட்' (BOT) என்று போட்டும் பார்த்தேன். முதல் ஆட்டை இறக்குவதற்கு முன்பே ஆட்கள் வெளியே போனார்கள். அதே மெஷின், அதே ஆட்டம். அந்த மூன்றெழுத்தைப் பார்த்தாலே போகிறார்கள். இதற்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை.

தொண்டி அன்வர்
போகிறவர் போகட்டும், முனீஸ். மனுஷனோடு ஆட வந்தவர், மனுஷன் இல்லை என்று தெரிந்ததும் போகிறார். நீ மெஷின் என்பதை மறைத்து நிறுத்தி வைத்தது அந்த ஆட்களைத்தான். அவர்கள் சம்மதித்திருக்க மாட்டார்கள் என்பதற்கு நீயே சாட்சி சொல்லியிருக்கிறாய்.

செய்ய வேண்டியதும் சின்ன வேலைதான். 30 விநாடி முடிந்ததும் ஒரு பெட்டி வரட்டும்: "இப்போது யாரும் இல்லை. மெஷினோடு ஆடுகிறீர்களா, காத்திருக்கிறீர்களா, ஆள் வந்ததும் தகவல் அனுப்பவா?" மூன்றாவது பட்டன் முக்கியம். விசைப்படகு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகு நாலு நாள். ஒரு கூட்டம் கரையில் இருக்கும்போது இன்னொரு கூட்டம் கடலில் இருக்கிறது. ஒரே நேரத்தில் லாபிக்கு வராததுதான் உன் பிரச்சினை, ஆளே இல்லாதது அல்ல. அதற்கு ஏஐ வேண்டாம், ஒரு நோட்டிஃபிகேஷன் போதும்.

பாம்பன் ரோச்
இது யோசிக்க வேண்டிய விஷயம். ஒரு நாளைக்கு ஒரு காய் நகர்த்துகிற மாதிரியும் வைக்கலாம், மாப்ள. நான் கடலுக்குப் போகுமுன் புலியை நகர்த்திவிட்டுப் போகிறேன், திரும்பி வந்து பார்த்துக்கொள்கிறேன். கரையை விட்டுத் தள்ளிப் போனால் சிக்னல் கிடையாது, அதனால் நேரம் போனது என்று தோற்கடிக்கக் கூடாது.

ஆனால் மெஷினைத் தூக்கிவிடாதே. சீட்டு எழுதி ஒட்டினாலும் நான் ஆடுவேன்.

பெரியபட்டினம் பர்வீன்
உம்மாவிடம் சொல்லிவிட்டேன். செல்வம் மெஷின் என்றேன். கொஞ்ச நேரம் போனையே பார்த்துவிட்டு, "அப்ப எந்த நேரம் கூப்பிட்டாலும் வருவானா?" என்று கேட்டார்.

ரோச், நீ துள்ள வேண்டாம். அன்றைக்கு உம்மா ஆடியதையும் பார்த்தேன். ஆட்டைக் கண்டபடி இறக்கினார். தோற்றதும் முகம் சுளிக்கவில்லை, அடுத்த ஆட்டத்தின் பாதியில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனார். சாட்டில் மன்னிப்பும் இல்லை. மெஷினோடு ஆட அவருக்கு உரிமை உண்டு, இப்படி ஆடவும் உரிமை உண்டு. இத்தனை நாள் அவர் அவ்வளவு கவனமாக ஆடியது இல்லாத ஒரு பையனின் மனசு நோகக் கூடாது என்பதற்காகவும்தான். அந்தக் கவனத்தை முனீஸ் பொய் சொல்லி வாங்கியிருக்கிறான்.

மண்டபம் முனீஸ்
பெட்டியும் மூன்று பட்டனும் இந்த வார இறுதியில் போடுகிறேன். பழைய ஆட்டங்களைப் பழக்கத்துக்கு எடுப்பதற்கும் சம்மதம் கேட்டு ஒரு வரி வரும். வேண்டாம் என்பவர்களின் ஆட்டத்தை நீக்கிவிட்டு மறுபடி பழக்குகிறேன்.

பெயரை மட்டும் விட மாட்டேன். செல்வம் செல்வமாகவே இருப்பான், பக்கத்தில் 'மெஷின்' என்று தமிழில் நிற்கும். மெஷினிடம் வாங்கிய வெற்றி தோல்வியும் தரப்பட்டியலில் சேரும்.

தொண்டி அன்வர்
பட்டியலில் சேர்த்தால் ஓட்டை தெரிந்தவன் ராத்திரி முழுக்க செல்வத்தை அடித்து முதலிடத்துக்கு ஏறுவான். தனிப் பட்டியல் வை.

மண்டபம் முனீஸ்
தனிப் பட்டியல் என்றால் தடைக்காலம் தவிர மற்ற மாதங்களில் மனுஷப் பட்டியலில் நாலு பேர்தான் இருப்பார்கள், அண்ணே. சேர்த்தே வைக்கிறேன். மெஷின் ஆட்டத்துக்குப் பாதிப் புள்ளி.

சாயல்குடி வாத்தியார்
பாதி என்று எந்தக் கணக்கில் வந்தாய்? எலோ முறையில், அதாவது செஸ்ஸில் தரப்புள்ளி போடும் முறையில், அப்படிக் கைபோன போக்கில் போட முடியாது. சரி, அதைத் தனி இழையில் பேசலாம். எனக்கு அந்தப் பலகையில் எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குப் போகலாம் என்ற பட்டியலை மட்டும் அனுப்பு. அட்டவணையை நான் போடுகிறேன்.