தினமும் ஆபீசுக்கு 32 கி.மீ: 200 பி.ஆர்.எம்-க்கு இது போதுமா?

தாம்பரம்_32:
தாம்பரம் டு கிண்டி, போக 16, வர 16, வாரத்துல அஞ்சு நாள். ஹைப்ரிட் சைக்கிள், முதுகுல லேப்டாப் பை. எட்டாவது வாரக் கடைசியில 200 பி.ஆர்.எம், அதாவது 200 கி.மீ-ஐக் கெடு நேரத்துக்குள்ள ஓட்டி முடிக்கிற நெடுந்தூர சைக்கிள் பயணம். வாரம் 160 கி.மீ வந்துடுது, ஞாயித்துக்கிழமையும் ஓட்டணுமா?

மெதுவா_போறவன்:
காலுக்குப் போதும். உக்கார்ற இடத்துக்கும் வயித்துக்கும் போதாது. ஒரு மணி நேரத்துக்குள்ள ஆபீஸ் வந்துடும், நடுவுல சிக்னலுக்கு சிக்னல் இறங்கி நிப்பீங்க. உள்ளங்கை மரத்துப்போறது, சீட்ல உரசுறது, பசி எல்லாம் மூணாவது மணி நேரத்துக்கு மேலதான் ஆரம்பிக்கும். அதனால வாரா வாரம் ஞாயிறு ஒரே நீட்டா 60, 75, 90 கி.மீ. நாலாவது வாரம் 50-க்குக் குறைச்சிருங்க. அப்புறம் 100, 120, 130. கடைசி வாரம் ஆபீஸ் பயணம் மட்டும், அதுவும் பாதி நாள்.

ஆபீஸ் பயணத்துல எல்லாரும் பண்ற தப்பு, தினமும் அரைமூச்சு வாங்குற ஒரே வேகம். சுலபமும் இல்ல, கடினமும் இல்ல. வெள்ளிக்கிழமை கால் கல்லாயிடும். மூணு நாள் மூச்சு வாங்காம பேச முடியுற வேகத்துல ஓட்டுங்க. ரெண்டு நாள் சாயங்காலம் 4 நிமிஷம் நல்லா அழுத்தி, 3 நிமிஷம் தளர்த்தி, நாலு தடவை.

செயின்_எண்ணெய்:
சாயங்காலம் உங்க ஆபீஸ் வழியான ஜி.எஸ்.டி ரோட்ல சிக்னல் இல்லாம 4 நிமிஷமா? நடக்காது, ஆபத்தும்கூட. வாரம் ஒரு நாள் விடியக்காலை 5 மணிக்கு வண்டலூர் – கேளம்பாக்கம் ரோடு போய் முடிச்சிட்டு வந்துடுங்க. ஒரு நாளே போதும்.

முதல்ல அந்த முதுகுப்பையைக் கழட்டுங்க. அந்த எடை கைப்பிடியில இறங்கி சுண்டுவிரல் மரத்துப்போகும். கேரியர் போட்டு பக்கவாட்டுப் பை மாட்டுங்க. சீட் உயரம்: பெடல் கீழ இருக்கும்போது குதிகாலை வச்சா முட்டி நேரா நிக்கணும். முட்டிக்கு முன்னாடி வலிச்சா பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்னாடி வலிச்சா உயரம்.

தாம்பரம்_32:
நன்றிங்க. சராசரி வேகம் மணிக்கு 18 கி.மீ தான் வருது. நேரத்துக்குள்ள முடியுமா?

மெதுவா_போறவன்:
தாராளமா. 200-ஐ 18-ஆல வகுத்தா 11 மணி 7 நிமிஷம். கெடு 13 மணி நேரம் 30 நிமிஷம், அதனால நிக்கிறதுக்கு 2 மணி 23 நிமிஷம் மிச்சம். பலருக்கு நேரம் போறது ரோட்ல இல்ல, இட்லிக் கடையில. ஓட்டிக்கிட்டே சாப்பிட ஞாயித்துக்கிழமை பழகுங்க: மணிக்கு 40 – 60 கிராம் மாவுச்சத்து, அதாவது சுமார் ரெண்டு வாழைப்பழம். பசிக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க. வெயில்ல மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாம உப்பு போட்ட தண்ணி.

பஞ்சர்_பெட்டி:
பஞ்சர் பத்தியும் ஒண்ணு: வெடிச்ச லாரி டயர்லேர்ந்து உதிர்ற மெல்லிசுக் கம்பி கண்ணுக்கே தெரியாது. டியூப் மட்டும் மாத்தினா அடுத்த கிலோமீட்டர்ல மறுபடி காத்து போகும். டயர் உள்பக்கம் முழுக்கத் துணியால தடவுங்க, நூல் மாட்டுற இடத்துலதான் கம்பி. ரெண்டு ஓட்டை பக்கத்துல பக்கத்துல இருந்தா கம்பி இல்ல, காத்து கம்மி. பள்ளத்துல டியூப் ரிம்மில நசுங்கியிருக்கு.