பென்டிரைவ்ல பூட் பண்ணி (அதுலேருந்து கம்ப்யூட்டரை ஏத்தி) மாட்டிக்கிட்ட கதை இருந்தா சொல்லுங்க

குடியாத்தத்தான்:
லுங்கி தறிக் கூலிக் கணக்கு பூரா நைனாவோட பழைய லேப்டாப்புல. தீபாவளிக்கு மூணு நாள் முன்ன விண்டோஸ் ஏறல. கடைல "ஃபார்மட்தான், டேட்டா போயிடும்"னாங்க. ராத்திரி பென்டிரைவ்ல, விண்டோஸுக்குப் பதிலா ஓடற லினக்ஸ் மின்ட் போட்டு, அதுலேருந்து ஏத்த எஃப்12 தட்றேன், தட்றேன், ஏறவே இல்ல. பின்னாடி நைனா நின்னுகினு, "இன்னாடா, போச்சா?" ஐஎஸ்ஓ ஃபைலை (இன்ஸ்டால் டிஸ்க்கோட முழு நகல்) பூட் ஆகற மாதிரி எழுதாம அப்படியே காப்பி பண்ணி வெச்சிருக்கேன், முட்டாள். தம்பி லேப்டாப்புல, அதுக்குன்னே இருக்கற ரூஃபஸ் சாஃப்ட்வேர் போட்டுத் திரும்ப எழுதினேன். லைவ்ல, அதாவது இன்ஸ்டால் பண்ணாம பென்டிரைவ்லேருந்தே ஏறி டி டிரைவைத் திறந்தா, "கூலி" ஃபோல்டர் அப்படியே இருக்கு. நைனா அது மேல வெரலை வெச்சு அழுத்திப் பார்த்தார். வெரல்ல இருந்த பாவுக் கஞ்சி, தறி நூலுக்குப் போடறது, திரையில ஒட்டிச்சு. இன்னும் நான் துடைக்கல.

ராணிப்பேட்டை_ஆபீஸ்:
உங்களுக்காவது டேட்டா தெரிஞ்சிச்சு. தோல் கம்பெனி லேப்டாப், பென்டிரைவ் ஏறணுமேன்னு, நம்பிக்கையில்லாத சாஃப்ட்வேர் பூட் ஆகாம தடுக்கற செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணேன். அடுத்த தடவ விண்டோஸ் ஏத்தினா நீலத் திரை, டிஸ்க்கைப் பூட்டி வெக்கற பிட்லாக்கரோட கீ கேக்குது. 48 இலக்கம்! அது வேலைய விட்டுப் போன அக்கவுண்டன்ட் அண்ணன் மெயில் ஐடில கீது. போன் போட்டா அவர் காட்பாடில ஒரு கல்யாணத்துல. ஆறு ஆறா எட்டு கூட்டம் படிச்சுக் காட்டினார். நாலாவதுல கெட்டிமேளம். "மூணா அண்ணா, ஆறா?"ன்னு நான் கத்த, ஆபீஸே திரும்பிப் பார்த்துச்சு.

சத்துவாச்சாரி_சர்வர்:
செக்யூர் பூட்டை எதுக்குங்க நிறுத்தினீங்க? உபுண்டு, மின்ட் ரெண்டும் அது ஆன்ல இருந்தாலே ஏறும். நிறுத்தியே ஆகணும்னா முதல்ல பிட்லாக்கரை சஸ்பெண்ட் பண்ணணும். கீயைப் பேப்பர்ல எழுதி வைங்க, அதே லேப்டாப்புல வேணாம். இன்னொண்ணு, ஃபேட்32ங்கற ஃபார்மட்டுல இருக்கற பென்டிரைவ்ல 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைல் ஏறாது, விண்டோஸ் ஐஎஸ்ஓவுக்குள்ள இருக்கற இன்ஸ்டால் ஃபைல் பல சமயம் அதைத் தாண்டும். பென்டிரைவ்ல வென்டாய்னு ஒரு சாஃப்ட்வேரைப் போட்டுட்டா ஐஎஸ்ஓவை அப்படியே காப்பி பண்ணா போதும், குடியாத்தத்தார் செஞ்சது அதுல தப்பே இல்ல. என் கதையா? ரீஸ்டார்ட் ஆகறப்ப பென்டிரைவை உருவ மறந்து, ஒரே இன்ஸ்டாலை மூணு தடவ முதல்லேருந்து ஓட்டினேன். அவ்ளோதான்.

ராணிப்பேட்டை_ஆபீஸ்:
இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல சார். அண்ணன் சாப்பாட்டுப் பந்தியையே விட்டுட்டார்.

குடியாத்தத்தான்:
வென்டாய் போடலாம்தான். பென்டிரைவை நைனா தறிக்கொட்டாய் சாவியோட பீரோவுல வெச்சுப் பூட்டிட்டார். கேட்டா குடுக்க மாட்டேங்கறார்.