‘கிளாக் ஸ்கியூ’வுக்கு நேரப்பிசகு என்று வைக்கலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கணினியின் கடிகாரம் தவறாக ஓடினால் என்ன செய்வது என்ற உதவிக் குறிப்பில், ‘கிளாக் ஸ்கியூ’ வரும் இடமெல்லாம் ‘கடிகாரச் சாய்வு’ என்று போட்டிருக்கிறோம். அதை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. சாய்வு என்றதும் ஆணியில் ஒரு பக்கம் சரிந்து தொங்கும் சுவர்க்கடிகாரம்தான் நினைவுக்கு வருகிறது. நான் முன்வைப்பது ‘நேரப்பிசகு’.

கணக்கு பிசகும், கழுத்து பிசகும். இருக்க வேண்டிய இடத்திலிருந்து விலகிவிட்டது, திரும்பச் சேர்த்துவிடலாம் என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வினையாகவும் எளிதாக வரும்: ‘உங்கள் கணினியின் நேரம் பிசகியிருக்கிறது’.

இந்தக் கோளாறில் பயனர் கண்ணில் படுவது கடிகாரம் அல்ல என்பதால்தான் சொல் தெளிவாக இருக்க வேண்டும் என்கிறேன். வங்கித் தளம் திறக்காது, மின்னஞ்சல் திறக்காது, பாதுகாப்பில்லை என்ற எச்சரிக்கை மட்டும் வரும். தளம் உண்மையானதுதான் என்று உலாவிக்குக் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. இது 2015 என்று நினைத்துக்கொண்டிருக்கும் கணினிக்கு, இன்றைய சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை. பயனரோ ‘நெட் போச்சு’ என்று ரவுட்டரை அணைத்துப் போட்டுக்கொண்டிருப்பார்.

பிசகின் அளவே பல நேரம் காரணத்தைச் சொல்லிவிடும். ஆண்டுக்கணக்கில் பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியைப் பாருங்கள். அது தீர்ந்துவிட்டால், மின்சாரத்தைத் துண்டித்ததும் கணினி தேதியை மறந்துவிடும். சரியாக 8 மணி நேரம் என்றால், அநேகமாக அந்தக் கணினியில் விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து இருக்கும். உள்கடிகாரத்தில் இருப்பது சிங்கப்பூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது, யூடிசி, அதாவது உலகப் பொது நேரம், என்று லினக்ஸ் எடுத்துக்கொள்கிறது. இரண்டில் ஒன்றின் அமைப்பை மாற்றினால் போதும்.

நம் சிங்கப்பூரில் அதிகம் கவனிக்க வேண்டியது இரண்டரை மணி நேரப் பிசகு. சென்னையில் வாங்கிய மடிக்கணினி இந்திய நேர வலயத்தோடு இங்கே வருகிறது. கடிகாரம் இரண்டரை மணி நேரம் பின்னால் இருப்பதைப் பார்த்தவர், வலயத்தை விட்டுவிட்டு, தானியங்கி நேரத்தை நிறுத்தி, கையால் முன்னே தள்ளி வைக்கிறார். திரையில் நேரம் சரியாகத் தெரிகிறது. ஆனால் வலயம் இன்னும் இந்தியாதான் என்பதால், கணினி உள்ளே கணக்கு வைத்திருக்கும் யூடிசி இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. சான்றிதழ்களுக்கு இந்த அளவு பெரும்பாலும் பொருட்டில்லை, தளங்கள் திறக்கும். ஆனால் அந்தக் கணினியிலேயே உள்ள செயலி 30 வினாடிக்கு ஒருமுறை கணக்கிட்டுக் காட்டும் உள்நுழைவு எண் ஒருபோதும் ஏற்கப்படாது. குறுஞ்செய்தியில் வரும் எண்ணுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அலுவலக வலையமைப்பு, உள்நுழைபவர் யாரென்று சரிபார்க்கும் கெர்பரோஸ் முறையைப் பயன்படுத்தினால் அங்கும் கதவு மூடும், அது வழக்கமாகப் பொறுப்பது 5 நிமிட வேறுபாட்டைத்தான். கடிகாரம் சரியாகத்தானே காட்டுகிறது என்று பயனர் சத்தியம் செய்வார், நாமும் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்போம்.

கருத்துகளை எழுதுங்கள்.

*

அக்கா, வணக்கம்.

சொல் பிடித்திருக்கிறது. இரண்டு ஐயங்கள். ஒன்று, பிசகு பேச்சுச் சொல்லாயிற்றே, கலைச்சொல்லுக்குரிய கனம் அதற்கு உண்டா? இரண்டு, வலயம் மட்டும் தவறாக இருந்து உள்ளே யூடிசி சரியாக இருந்தால் அதையும் நேரப்பிசகு என்பீர்களா? அப்புறம், கடிகாரம் சிறிது சிறிதாக விலகிப் போகும் ‘டிரிஃப்ட்’டுக்கு என்ன செய்வது?

*

தம்பி, நல்ல கேள்விகள்.

கனம் பற்றி எனக்குக் கவலை இல்லை. ‘இணையம்’ என்ற சொல்லைத் தந்தவராக நாம் மதிக்கும் நா. கோவிந்தசாமி இந்த ஊர்க்காரர். ‘இணை’ எல்லார் வாயிலும் இருந்த வினை, அதனால்தான் அந்தச் சொல் உடனே ஒட்டிக்கொண்டது. எச்சரிக்கையைப் படிப்பவர் அகராதியைத் தேடிப் போகக்கூடாது.

இரண்டாவதுதான் முக்கியம். உள்ளே யூடிசி சரியாக இருந்தால் அது நேரப்பிசகு ஆகாது. அதை ‘வலயப் பிழை’ என்போம். உள்நுழைவு எண்ணும் சான்றிதழும் வேலை செய்யும், திரையில் தெரியும் மணி மட்டுமே தவறு. பட்டியலில் ‘கோலாலம்பூர், சிங்கப்பூர்’ வலயத்தைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது. இந்த இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், கையால் மணியைத் தள்ளி வைக்கும் பழக்கத்தை நாமே வளர்த்துவிடுவோம்.

இரண்டிலும் சேராத ஒன்றும் உண்டு. சிங்கப்பூர் நேரம் யூடிசியைவிட 7 மணி 30 நிமிடம் முன்னால் இருந்தது. 1982 பிறந்தபோது அரை மணி நேரம் கூட்டி 8 ஆக்கினார்கள். அதற்கு முன் இங்கே பிறந்தவருக்கு ஜாதகம் கணிக்கும் மென்பொருள் அரை மணி நேரம் வேறாகக் கணக்கிட்டால், அதைப் பிசகு என்று திருத்திவிடாதீர்கள். அதன் வலய அட்டவணை சரியாகவே இருக்கிறது.

‘டிரிஃப்ட்’டுக்கு ‘நேர நழுவல்’ போதும். கணினிக் கடிகாரத்தை ஓட்டும் படிகத்தின் வேகம் லட்சத்தில் இரண்டு பங்கு மாறினாலே நாளுக்கு ஏறக்குறைய 1.7 வினாடி நழுவும். நழுவல் சேர்ந்து சேர்ந்து பிசகாகும். ஆங்கிலத்தில் ‘ஸ்கியூ’வே இரண்டு பொருளில் புழங்குகிறது: கணினிகளின் நேரத்தை வலையமைப்பு வழியே சரிசெய்யும் என்டிபி முறைக்கு டேவிட் மில்ஸ் எழுதிய ஆவணங்களில் அது வேக வேறுபாடு, மென்பொருளைத் தொகுப்பவர்கள் ‘மேக்’ கருவியில் பார்க்கும் எச்சரிக்கையில் நேர வேறுபாடு. அந்தக் குழப்பத்தை நாம் கொண்டுவரத் தேவையில்லை. வேக வேறுபாடு வரும் இடத்தில் நழுவல் வீதம் என்றே எழுதலாம்.

சொற்பட்டியலில் இப்படிச் சேர்க்கிறேன்: ‘நேரப்பிசகு – கணினி வைத்திருக்கும் யூடிசி நேரத்துக்கும் உண்மையான யூடிசி நேரத்துக்கும் உள்ள வேறுபாடு.’ மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். தம்பி, மடிக்கணினிப் பகுதியை நீங்கள் திருத்துங்கள். அதில் இரண்டரை மணி நேரப் பிசகை முதலில் வைத்து, பேட்டரியைப் பிறகு சொல்லுங்கள்.